விளையாட்டுப் புகைப்படமும் படத்தொகை அமைத்தலும்

ஓடுவதை நிறுத்திக் காணவேண்டும் என்னும் அவா மக்கட்கு இயல்பாய் அமைந்ததொன்று. ஆற்றங்கரையில் நிற்கும் சிறுவன் கைந்நீட்டி நீரைப் பிடிக்க முயல்கின்றான். நீரோ விரலிடையே வழிந்து போகின்றது. விளையாட்டுக் களத்தின் ஓரத்தில் காமிராவோடு நிற்பவன் செய்வதும் ஏறக்குறைய அதுவே. ஆயினும் அவன் கையில் ஒரு துளி எஞ்சுகின்றது. அத்துளியே விளையாட்டுப் புகைப்படம். அத்தகைய துளிகள் பலவற்றுள் தக்கனவற்றைத் தெரிந்தெடுத்து, முறைப்பட வைத்து, பிறர் காணத் தருவதே படத்தொகை. இதனைப் ‘போர்ட்போலியோ’ என அத்துறையினர் வழங்குவர். இவ்விரண்டையும் பற்றி எம் சிற்றறிவிற்கு எட்டியவற்றை நம் கல்லூரி மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயிலும் யாம் இத்துறையிற் புகுந்தது எவ்வாறு என நண்பர் சிலர் வினவக்கூடும். யாம் பிறந்து வளர்ந்தது திருவில்லிபுத்தூர். எம்மொடு ஒரே விடுதியில் உறையும் நண்பரொருவர் இராசபாளையத்தார். இவ்விரண்டு ஊர்கட்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்க்கு மேலில்லை. விடுமுறை நாட்களில் அவர் எம் இல்லத்திற்கும், யாம் அவர் இல்லத்திற்கும் போய்வருவது வழக்கம். அவருடைய தாய்மாமன் தாம் வைத்திருந்த பழைய காமிரா ஒன்றை அவருக்கு அளித்தார். அன்று தொடங்கிற்று இப்பித்து. ஈராண்டுக் காலமாக இவ்விரண்டு ஊர்களின் பள்ளித் திடல்களிலும், சுற்றியுள்ள சிற்றூர்களின் சடுகுடுக் களங்களிலும் யாம் இருவரும் திரிந்து கற்றவற்றையும், பிழைபட்டவற்றையும் ஈண்டு மறையாது கூறுவோம்.

இக்கலையின் வரலாறு

விளையாட்டுப் புகைப்படத்தின் வரலாறு ஒரு குதிரையிலிருந்து தொடங்குகின்றது எனலாம். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் நிலத்தை விட்டு எழுமோ என்பது அக்காலத்தார்க்கு ஓர் ஐயம். அமெரிக்காவில் லேலண்டு ஸ்டான்போர்டு என்னும் செல்வரின் விருப்பப்படி, எட்வர்டு மைப்பிரிட்ஜ் என்பார் 1878ஆம் ஆண்டில் பாலோ ஆல்டோ என்னுமிடத்தில் ஓட்டப்பாதையின் ஓரத்தே 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தினார். பாதையின் குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு காமிராவும் தன்முறையிற் படம்பிடித்தது. நான்கு கால்களும் எழுவது உண்மையே என்பது வெளிப்பட்டது. ஓவியர் பலர் அதுகாறும் வரைந்தவாறு முன்னும் பின்னும் நீண்ட நிலையில் அவை எழவில்லை. வயிற்றின்கீழ் ஒன்றுகூடி மடங்கிய நிலையிலேயே எழுந்தன. கண் காண மாட்டாததைக் காமிரா கண்டது.

பின்னர் 1925ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில் ‘லைகா’ என்னும் சிறு காமிரா வெளிவந்தது. ஒரு சுருளில் பல படங்கள் எடுக்கவும், கையில் ஏந்தி எங்கும் செல்லவும் அது துணை செய்தது. எனினும் நாளிதழ்ப் படக்காரர் பலர் கண்ணாடித் தகடு செருகும் பெரிய காமிராக்களை விடவில்லை. 1960ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் பிரிஸ்பேன் நகரில் ஆஸ்திரேலியாவிற்கும் மேற்கிந்தியத் தீவினர்க்கும் நடந்த கிரிக்கெட் ஆட்டம் இருதரப்பும் சமமாய் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அத்தகைய முடிவு அதுவே முதன்முறை. ஜோ சாலமன் எறிந்த பந்து விக்கெட்டில் பட்டு, மெக்கிப் ஆட்டமிழந்த அந்நொடியை ரான் லவிட் என்பார் படம்பிடித்தார். அவ்வேளையில் அவர்பால் ஒரே ஒரு தகடுதான் எஞ்சியிருந்தது என்பர். அதனை முன்னரே செலவிட்டிருந்தால், அல்லது ஒரு கணம் பிந்தியிருந்தால், அப்படம் நமக்குக் கிட்டியிராது.

இற்றை நாளில் நிலைமை வேறு. 2023ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தார் அறிவித்த ஒரு காமிரா நொடிக்கு 120 படங்கள் எடுக்க வல்லது. ஒரு தகடு எங்கே, 120 படங்கள் எங்கே! ஆயினும் எந்நொடி வரும் என்பதை முன்னுணராதவன் 120 படங்களும் எடுத்து, வேண்டிய ஒன்றை இழப்பான். உணர்ந்தவன் ஒரே தகட்டில் அதனைப் பெறுவான்.

நொடியின் அருமையை அறிய 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டியை நினைவு கூர்வது தகும். 400 மீட்டர் தடையோட்டத்தில் நம் நாட்டு பி. டி. உஷா 55.42 நொடியில் ஓடி நான்காமவராயினார். மூன்றாமவர் ஓடியது 55.41 நொடியில். நூற்றிலொரு பங்கு நொடியால் வெண்கலப் பதக்கம் நழுவிற்று. விளையாட்டில் அக்காலக் கூறு எத்துணைப் பெரிது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது யாது?

ஒளியும் வேகமும்

புகைப்படம் என்பது ஒளியால் எழுதப்படுவது. காமிராவின் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றதோ அவ்வளவு நேரம் ஒளி உட்புகும். சடுகுடு ஆடுபவன் ஒருவன் நொடிக்கு 6 மீட்டர் விரைந்து ஓடுவதாகக் கொள்வோம். நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருப்பின், அதற்குள் அவன் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகின்றான். படம் கலங்கித் தோன்றும். 1000இல் ஒரு பங்காயின் 6 மில்லிமீட்டர் மட்டுமே நகர்கின்றான், படம் தெளிவாயிருக்கும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தோ அதே 1000இல் ஒரு பங்கு நேரத்திலும் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் கடந்துவிடும். ஆகவே, ஓட்டத்திற்கு 500இல் ஒரு பங்கு, சடுகுடுவிற்கும் பந்தாட்டங்களுக்கும் 1000இல் ஒரு பங்கு, பந்தையே நிறுத்திக் காண அதனினும் குறைவு என்பது பொதுவிதியாகக் கொள்ளத்தக்கது.

இவ்வாறு நேரத்தைச் சுருக்கின் ஒளி குறையும். அக்குறையை நிரப்ப இருவழிகள் உள்ளன. லென்ஸின் வாயை அகலத் திறத்தல் ஒன்று. காமிராவின் ஒளியுணரும் திறனாகிய ஐ.எஸ்.ஓ. என்பதனை உயர்த்தல் மற்றொன்று. வாய் அகன்ற நெடுந்தூர லென்ஸ் விலை மிக்கது, எம்மனோர்க்கு எட்டாதது. ஐ.எஸ்.ஓ. உயர உயரப் படத்தின்மேல் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். மணல் தூவிய படம் தாழ்வில்லை. கலங்கிய படமே தாழ்வு என்பது யாம் கண்டது.

நம் ஊர்ப்பக்கத்திற்கென ஒரு தனி இயல்புண்டு. இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் எழுந்து நிற்கின்றது. ஆதலின் பஞ்சாங்கம் கூறும் மறைவு நேரத்திற்கு முன்னரே கதிரவன் மலைக்குப் பின்னே இறங்கிவிடுகின்றான். மாலை 4 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இறுதிக் கட்டத்தை அடையும்பொழுது திடல் முழுதும் மலைநிழலில் மூழ்கியிருக்கும். வானம் ஒளிர, ஆடுவோர் முகம் இருளும். முதலாண்டில் யாம் இதனை அறியாது, அரைமணி நேரத்திற்கு முன் வகுத்த அளவுகளையே கொண்டு எடுத்தமையால், இறுதியாட்டப் படங்கள் யாவும் கருநிழல்களாய் முடிந்தன. இப்பொழுது, திடலுக்குச் சென்றவுடன் யாம் முதலில் நோக்குவது மலையையே. நிழல் எப்பொழுது திடலைத் தொடும் என்பதைக் கணித்து, அதற்குமுன் கிழக்கு நோக்கி ஆடுவோர் முகங்களை எடுத்துக்கொள்கின்றோம். பொன்னிற ஒளி முகத்தில் வீழும் அக்கால்மணி நேரம் விலைமதிப்பற்றது.

இரவு ஆட்டங்களில் வேறொரு தொல்லை. மின்விளக்குப் பல நம் கண்ணுக்கு நிலையாய் எரிவனபோலத் தோன்றினும், நொடிக்கு 100 முறை மங்கியும் ஒளிர்ந்தும் எரிவன. ஷட்டர் நேரம் மிகச் சுருங்கியவிடத்து, ஒரு படம் வெளுத்தும் அடுத்த படம் மஞ்சள் பாரித்தும் வரும். இதனைக் காமிராவின் குற்றமென்று எண்ணி யாம் பழுது பார்க்கக் கொடுத்ததும் உண்டு. புதிய காமிராக்கள் சிலவற்றில் இதற்கு மாற்று அமைத்துள்ளனர். அஃதில்லாதார் ஷட்டர் நேரத்தைச் சற்றே நீட்டிக்கொள்வதும், ஒன்றுக்கு இரண்டாய் எடுத்துக்கொள்வதுமே வழி.

பயிற்சி

விலையுயர்ந்த போட்டிகள் வாயில் திறக்கும்வரை காத்திருத்தல் பேதைமை. பயிற்சிக்கு வேண்டுவன யாவும் நம் தெருவிலேயே உள்ளன. இராசபாளையம் என்றவுடன் உலகோர் நினைவிற்கு வருவது அவ்வூர் நாய். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையார் வெளியிட்ட நாய்வகைத் தபால்தலைகளுள் அதுவும் இடம்பெற்றது. நெடிய கால்களும் ஒடுங்கிய வயிறும் உடைய அவ்வெண்ணிற நாய் ஓடுங்கால் அதனைப் படம்பிடிக்க வல்லவன் நூறு மீட்டர் ஓட்டக்காரனை எளிதிற் பிடிப்பான். எம் நண்பர் இல்லத்து நாயே எமக்கு முதலாசிரியன்.

அவ்வாசிரியன் கற்பித்த பாடம் இரண்டு. முதலாவது, காமிரா வெண்மையை அறியாது. காணும் யாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கருதியே அது ஒளியை அளக்கின்றது. ஆகவே வெண்ணாய் சட்டம் முழுதும் நிறைந்தால் அதனைச் சாம்பலாக்கிவிடும்; ஒளியை நாமே ஒருபடி கூட்டல் வேண்டும். வெள்ளுடை அணிந்த கிரிக்கெட் ஆட்டக்காரர்க்கும் இவ்விதி பொருந்தும். கருநிறப் பின்புலமாயின் இதற்கு மாறாகக் குறைத்தல் வேண்டும். இரண்டாவது, ஓட்டத்தை நிறுத்துவது மட்டும் கலையன்று. ஓட்டத்தை ஓட்டமாகவே காட்டுவதும் கலையே. ஷட்டரை 30இல் ஒரு பங்கு அளவிற்கு நீட்டி, ஓடும் நாயின் விரைவிற்கு ஒப்பக் காமிராவையும் உடன் திருப்பிக்கொண்டே எடுத்தால், தலை தெளிவாகவும், பின்னுள்ள சுவரும் மரமும் கோடுகளாகவும் தோன்றும். பத்தில் ஒன்பது படம் பழுதாகும். பத்தாவது உயிரோடு வரும்.

திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்து அன்று தேர் ஓடும் நாளும் எமக்குப் பாடசாலையே. எம் வீட்டார் வழிபடும் நெறி வேறாயினும், அத்தேரோட்டத்தைக் காணாது வளர்ந்த பிள்ளை எம் ஊரில் இல்லை. வடம் பிடிப்போர் தோளும், நிலத்தில் ஊன்றிய குதிகாலும், வாய்விட்டெழும் ஓசையும் ஒருங்கு கூடி ஒரே உடலாய் இயங்குவதைக் காண்பவன், கயிறிழுக்கும் போட்டியையும் படகோட்டத்தையும் எங்ஙனம் எடுக்கவேண்டும் என்பதை அறிந்துகொள்வான். ஒருவன் முகத்தை மட்டும் எடுத்தால் வலிமை தெரியாது. பலர் உடல் ஒருபுறம் சாய்ந்த கோட்டை எடுத்தால்தான் தேரின் பாரம் தெரியும்.

நிற்குமிடம்

ஆட்டத்தின் விதிகளை அறியாதவன் அதனைப் படம்பிடிக்க மாட்டான். சடுகுடுவை எடுத்துக்கொள்வோம். ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. புறத்திற்கு எழுவர். பாடிச் செல்பவனுக்கு உரிய நேரம் 30 நொடி. அவன் எதிரணியின் களத்துள் புகும்பொழுது அவன் முகம் எதிரணியின் கடைக்கோட்டை நோக்கியிருக்கும். அங்கு அமர்ந்தால் அவன் முகமும் பிடிப்போர் முதுகுகளும் கிட்டும். ஆனால் இவ்வாட்டத்தின் உச்சநிலை அவன் புகும்போதன்று. பிடிபட்டபின் நடுக்கோட்டைத் தொட அவன் கைந்நீட்டித் துடிக்கும்போதே. அப்பொழுது அவன் தன் களத்தை நோக்குகின்றான். பிடித்தவர்கள் அவன் பின்னே தொங்குகின்றனர். ஆகவே அவனுடைய களத்தின் பக்கவாட்டில், நடுக்கோட்டிற்கு அண்மையில், நிலத்தோடு நிலமாக அமர்ந்திருப்பவனுக்கு நீட்டிய விரலும், அவன் முகமும், பிடித்தோர் முகங்களும் ஒரே சட்டத்துள் அமையும். இச்சிறு உண்மையை அறிய எமக்கு ஓராண்டு கழிந்தது.

கைப்பந்தாட்டத்திலும் அவ்வாறே. ஆடவர்க்கு வலையின் உயரம் 2.43 மீட்டர். வலைக்கு மேல் எழுந்து பந்தை அறைபவன் முகம் எதிர்ப்பக்கத்தார்க்கே தெரியும். ஆதலின் அவன் பக்கத்தில் நில்லாது மறுபக்கத்தில் நின்று, வலையின் மேல்விளிம்பில் முன்னரே குறிவைத்துக் காத்திருத்தல் நலம். தொல்காப்பியம் பயின்றார்க்கு இங்கு ஒன்று நினைவிற்கு வரும். அந்நூலார் மெய்ப்பாடு எட்டென வகுத்தனர். உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படுவதே மெய்ப்பாடு. பெருமிதமும் வெகுளியும் உவகையும் அழுகையும் ஆகிய அவை ஒரு நாழிகைக்குள் ஒருங்கே தோன்றுமிடம் விளையாட்டுக் களமே. பந்து மட்டும் தெரியும் படம் ஆட்டத்தின் கணக்கைக் கூறும். மெய்ப்பாடு தெரியும் படமே ஆட்டத்தைக் கூறும்.

எம் பிழை

இனி எம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. இராசபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் திருவிழாவையொட்டி இரவில் நடந்த சடுகுடுப் போட்டிக்குச் சென்றிருந்தோம். நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கும் எம் வயதினரான ஓர் இளைஞர் ஓர் அணிக்குத் தலைவர். இறுதிப் பாட்டில் அவர் பிடிபட, அவர் அணி ஒரு புள்ளியில் தோற்றது. ஆட்டம் முடிந்தபின் அவர் தனியே சென்று புளியமரத்தடியில் அமர்ந்து அழுதார். விளக்கொளி பின்னிருந்து வீச, எழுந்த புழுதி அவரைச் சூழ, கன்னத்தில் வழிந்த கண்ணீர் ஒளிர்ந்தது. யாம் எடுத்தோம். அதனினும் சிறந்த படம் யாம் அதற்குமுன் எடுத்ததில்லை, அதன்பின்னும் எடுத்ததில்லை.

அவ்விரவே அதனைக் கைப்பேசி வழியே பலர்க்கும் அனுப்பினோம். பாராட்டு வந்து குவிந்தது. யாரோ ஒருவர் அதன்கீழ் எள்ளல் மொழி ஒன்றைச் சேர்த்து மேலும் பரப்பினார். ஒரு கிழமைக்குள் அவ்வூரில் அதனைக் காணாதார் இல்லை. ஆலையில் உடன் வேலை செய்வோர் அவரைக் கண்டவிடத்தெல்லாம் அப்படத்தைச் சுட்டி நகைத்தனர். அவர் ஆடுவதை விட்டார். மூன்று திங்கள் கழிந்தே இச்செய்தி எம் நண்பர் வாயிலாக எமக்கு எட்டியது.

இருவரும் அவர் இல்லம் சென்றோம். அவர் எம்மைக் கடியவில்லை. அவர் அன்னையார் காப்பி கொடுத்தார். மன்னிப்பு வேண்டிய எம் சொற்களைக் கேட்டுச் சிறிதுநேரம் வாளாவிருந்தவர், “முதற்பாதியில் ஒரே பாட்டில் நால்வரைத் தொட்டுவிட்டு வந்தேனே, அந்தப் படம் உங்களிடம் இருக்கிறதா?” என்று வினவினார். எம்மிடம் இல்லை. அவர் அந்நால்வரையும் தொட்ட நேரத்தில் யாம் தலைகவிழ்ந்து, அதற்குமுன் எடுத்த படம் ஒன்றைக் காமிராவின் சிறுதிரையில் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தோம். அவ்வினாவிற்கு யாம் விடைகூறாது நின்ற நிலையை இன்றும் மறந்திலோம்.

மறு ஆண்டு அவர் மீண்டும் களம் புகுந்தார். இம்முறை யாம் திரையை நோக்கவில்லை, களத்தையே நோக்கினோம். அவர் இருவரைத் தொட்டு மீண்ட படம் கிடைத்தது. அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்னையார் அதனைச் சுவரில் மாட்டினார். புளியமரத்தடிப் படத்தை எம் தொகையிற் சேர்க்கலாமோ என்று அவரையே கேட்டோம். “நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், வேறு யார்க்கும் காட்டவேண்டா” என்றார். ஆகவே யாம் எடுத்தவற்றுள் தலைசிறந்த படம் எம் படத்தொகையில் இல்லை. அதனால் எம் தொகை சற்று மெலிந்ததே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அம்மெலிவை யாம் பொறுத்துக்கொள்வோம்.

தோல்வியைப் படம்பிடித்தலாகாது என்று யாம் கூறவில்லை. 1955ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் தொடங்கிய உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் முதன்முதற் பரிசு பெற்றது, டென்மார்க்கில் நடந்த பந்தயத்தில் மோட்டார் சைக்கிளினின்று வீழும் ஒருவரை மோகன்ஸ் வான் ஹாவன் எடுத்த படமே. ஆயின் பல்லாயிரவர் காண ஆடும் போட்டியில் நிகழ்வது வேறு; ஒருவர் தனியே விலகிச் சென்று அழுவது வேறு. முன்னது களத்திற்கு உரியது. பின்னது அவர்க்கு உரியது. சிறுவர் சிறுமியர் படங்களை வெளியிடுமுன் பெற்றோரையும் பள்ளியாரையும் கேட்பது இன்னும் இன்றியமையாதது.

படத்தொகை

இனிப் படத்தொகை. சங்க நூல்களைத் தொகை எனப் பெயரிட்டு வழங்கியவர் நம் முன்னோர். புலவர் பலர் பல காலத்துப் பாடியவற்றுள் சிலவற்றைத் தெரிந்து, நெறிப்படுத்தி வைத்தமையாலன்றோ அவை இன்று நம் கையில் உள்ளன! அடியளவு நோக்கிக் குறுந்தொகையும், நற்றிணையும், அகநானூறும் வகுக்கப்பட்டன. அகநானூற்றில் ஒற்றை எண் பெற்றவை பாலை; 2, 8 என வருவன குறிஞ்சி; 4 முல்லை; 6 மருதம்; 10 என முடிவன நெய்தல். பாட்டின் எண்ணைக் கொண்டே திணையை அறியலாம். தொகுத்தவர்க்கு ஒரு நெறி இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. படத்தொகையும் அவ்வாறே. அது படங்களின் குவியலன்று. தெரிவும் முறையும் உடையதே தொகை.

யாம் முதலில் அமைத்த தொகையில் 60 படங்கள் இருந்தன. மதுரையில் நாளிதழ்ப் பணியினின்று ஓய்வுபெற்ற ஒரு முதியவரிடம் அதனைக் கொண்டுசென்றோம். அவர் மேசைமேற் பரப்பி, ஒவ்வொன்றாய் எடுத்து ஒருபுறம் வைத்துக்கொண்டே வந்தார். முடிவில் 11 படங்களே எஞ்சின. அவற்றுள் ஒன்றைச் சுட்டி, “இந்தப் பையன் யார்? எந்த ஊர்? அன்று வென்றானா, தோற்றானா?” என்றார். எமக்குத் தெரியவில்லை. அதனையும் எடுத்து அப்புறம் வைத்தார். அன்று அவரிடம் கற்றவற்றையும், பின் யாமே பட்டறிந்தவற்றையும் சுருங்கக் கூறுகின்றோம்.

முதலாவது, குறைவே நிறைவு. 15 முதல் 20 படங்கள் சாலும். தொகையைக் காண்போர் அதன் மிகச் சிறந்த படத்தைக் கொண்டு வியப்பர். மிகத் தாழ்ந்த படத்தைக் கொண்டே மதிப்பிடுவர். குறுந்தொகையில் ஒரே ஒரு பாட்டுப் பாடிய புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்துபோக, அப்பாட்டில் அவர் கூறிய உவமையால் செம்புலப்பெயனீரார் என்றே உலகம் அவரை அறிகின்றது. ஒன்று போதும், அஃது அத்தகைய ஒன்றாயின்.

இரண்டாவது, வகை வேண்டும். ஒரே ஆட்டத்தின் ஒரே நிலையைப் பத்துமுறை காட்டல் வீண். பாய்ச்சலும் மோதலும் ஒருசில. ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் ஒருசில. களத்தின் தோற்றத்தைக் காட்டும் அகன்ற காட்சி ஒன்றிரண்டு. சுண்ணாம்புக் கோடு, கிழிந்த காலணி, கட்டுப்போட்ட விரல் போன்ற நுண்பொருள் ஒன்றிரண்டு என அமைவது அழகு. விளையாட்டின் புகழ்பெற்ற படங்களுட் சில ஆட்டம் முடிந்தபின் எடுக்கப்பட்டவை. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் பதக்க மேடையில் கைம்முட்டியை உயர்த்தி நின்ற காட்சியை ஜான் டாமினிஸ் எடுத்தார். அதில் ஓட்டம் இல்லை. ஆயினும் உலகம் அதனை மறக்கவில்லை.

மூன்றாவது, முறைவைப்பு. முதலிற் காண்பது கண்ணை நிறுத்த வேண்டும். இறுதியிற் காண்பது நெஞ்சில் தங்க வேண்டும். இடையே வேகமும் அமைதியும் மாறிமாறி வருதல் நன்று.

நான்காவது, குறிப்பு. யார், எவ்விடம், எந்நாள், எவ்வாட்டம், என்ன நிகழ்ந்தது என்னும் ஐந்தும் ஒவ்வொரு படத்தின்கீழும் பிழையின்றி இருத்தல் வேண்டும். கொளுவும் துறையும் இழந்த பாட்டிற்கு உரைகாண்பார் படும் பாட்டை நாம் அறிவோம். யாம் இப்பொழுது ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஒரு சிறு குறிப்பேடு கொண்டுசெல்கின்றோம். ஆட்டம் முடிந்தவுடன் ஆடினோரிடமே பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கின்றோம்.

ஐந்தாவது, உண்மை. ஒளியைச் சற்றுக் கூட்டலும், ஓரத்தை வெட்டலும் தகும். இல்லாத பந்தைச் சேர்த்தலும், நின்ற நடுவரை நீக்கலும், முடிந்தபின் மீண்டும் பாயச்சொல்லி எடுத்ததை ஆட்டத்திடை எடுத்ததுபோற் காட்டலும் பொய். சொல்லிய வண்ணம் படத்தைப் புனைந்து தரும் கணிப்பொறிகள் வந்துவிட்ட இந்நாளில், படக்காரனுக்கு எஞ்சியுள்ள பொருள் அவன் நேர்மை ஒன்றே. அவன் அங்கிருந்தான், கண்டான் என்பதே அவன் படத்திற்கு மதிப்பு.

ஆறாவது, பாதுகாப்பு. படங்களை ஓரிடத்தில் மட்டும் வைத்தல் ஆகாது. வெவ்வேறு இடங்களில் மூன்று படிகள் வேண்டும். எம் முதலாண்டுப் படங்களிற் பாதி ஒரு பழுதான வட்டோடு மாய்ந்தன.

இத்துறையிற் பிழைப்பு உண்டோ என வினவுவார்க்கு ஒருசொல். நம் பழைய மாணவருள் முதியோர், தி இந்து நிறுவனத்தார் 1947 முதல் 1968 வரை நடத்திய ‘ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம்’ இதழின் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டிய நாட்களை மறந்திரார். 1978இல் ‘ஸ்போர்ட்ஸ்டார்’ தொடங்கிற்று. 2014இல் தொழில்முறைக் கபடிப் போட்டியும், 2016இல் தமிழ்நாட்டுக் கிரிக்கெட் போட்டியும் எழுந்தன. 2017இல் தமிழ்நாட்டுக்கென ஒரு கபடி அணியும் சேர்ந்தது. ஆகவே வாயில்கள் பெருகியுள்ளன, நிற்போரும் பெருகியுள்ளனர். அவ்வாயிலில் நுழைய வேண்டுவது பெரிய லென்ஸன்று, நல்ல தொகையே என்று அம்முதியவர் கூறியதை யாம் நம்புகின்றோம்.

முல்லைக்கலியில் ஏறுதழுவிய இளைஞரைப் பாடிய புலவர், வென்றாரை மட்டும் பாடவில்லை. கொம்பிற் குத்துண்டாரையும் பாடினார். அவர் காமிரா இல்லாத படக்காரர். நம் சிற்றூர்த் திடல்களில் இன்றும் எத்தனையோ பேர் எவரும் காணாது ஆடி, வென்று, தோற்று, வீடு திரும்புகின்றனர். அவர்களுள் ஒருவர் நாளை நம்மிடம் வந்து, “அந்தப் படம் உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்குங்கால், ‘இருக்கிறது’ என்று கூறும் பேறு நமக்கு வாய்க்குமாயின், அதனினும் சிறந்த பரிசு இக்கலைக்கு இல்லை. இக்கட்டுரையிற் குற்றம் காணின் பெரியோர் பொறுப்பாராக. இதனைப் படிக்கும் இளையோர் ஒருவரேனும் இவ்வாரக் கடைசியில் காமிராவோடு ஒரு திடலுக்குச் செல்வாராக.